டி செல்கள் மூளைக்குள் வரவே கூடாது என்றால், வராமல் தடுக்கும் மருந்துக்கு ஏன் இவ்வளவு பயம்?

வைகைக்கரை:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் இருக்கும் என் அக்காவுக்குப் போன வருடக் கடைசியில் எம்.எஸ்., அதாவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று உறுதி செய்தார்கள். முதலில் வலது கண் மங்கியது, கண்ணாடி மாற்ற வேண்டும் போல என்று நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம், அப்புறம் ஒரு கால் மரத்துப்போய் மூன்று வாரம் சரியாகவே இல்லை, அதன் பிறகுதான் எம்.ஆர்.ஐ., முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பது எல்லாம் நடந்தது. அக்காவின் சொந்த டி செல்களே (நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்களில் ஒரு வகை) மூளைக்குள் போய் நரம்புகளின் மேலிருக்கும் மயலின் உறையை அரிக்கின்றன என்று டாக்டர் படம் போட்டு விளக்கியிருக்கிறார்.

இப்போது நடாலிசுமாப் என்ற மருந்தைத் தொடங்கலாம் என்கிறார்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸ். டி செல்களை மூளைக்குள் விடாமல் ரத்தக்குழாயிலேயே நிறுத்திவிடுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொடங்கும் முன் ஜேசி வைரஸ் என்று ஒன்றுக்கு ரத்தப் பரிசோதனை, அது இருந்தால் மூளையில் ஆபத்தான தொற்று வரலாம் என்று ஒரு கையேட்டையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு அக்கா இரண்டு நாளாகத் தூங்கவில்லை.

என் குழப்பம் இதுதான். நான் விலங்கியல் படித்தவன், கல்லூரி நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். "மூளையில் நிணநீர் நாளங்கள் கிடையாது, ரத்த மூளைத் தடுப்பு இருப்பதால் நோய் எதிர்ப்பு மண்டலம் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது (நிணநீர் நாளம் என்றால் திசுக்களின் நீரை வடித்துக்கொண்டுபோகும் குழாய், ரத்த மூளைத் தடுப்பு என்றால் ரத்தத்தில் இருப்பதைச் சுலபமாக மூளைக்குள் விடாத சுவர்). சரி, அப்படியானால் டி செல் உள்ளே வருவதுதான் கோளாறு. அதைத் தடுக்கும் மருந்து பழைய இயல்பு நிலையைத்தானே திரும்பக் கொண்டுவருகிறது? அதனால் எப்படிப் புதிதாக ஒரு தொற்று வரும்?

மருந்து எடுக்கலாமா வேண்டாமா என்று கேட்கவில்லை, அது அக்காவும் டாக்டரும் முடிவு செய்யட்டும். எங்கே நான் தப்பாக யோசிக்கிறேன் என்று தெரிந்தால் போதும்.


மேசைவிளக்கு:

தம்பி, நீங்கள் யோசித்தது சரிதான், அந்த நோட்டில் இருப்பதுதான் தப்பு. நான் டி செல்களை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் (எலிகளின் டி செல்கள்தான்), அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியை அப்படியே திருப்பிப் போடுங்கள். மூளைக்குள் டி செல் போவதே கிடையாது என்றால் நடாலிசுமாப் எந்தத் தொற்றையும் கொண்டுவந்திருக்கக் கூடாது. ஆனால் வந்தது. 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, 2005 பிப்ரவரியிலேயே திரும்பப் பெற்றார்கள், காரணம் மருந்து எடுத்தவர்களில் சிலருக்கு பி.எம்.எல். என்ற மூளைத் தொற்று வந்ததுதான். எம்.எஸ். நோயாளிகள் பலர் அந்த ஆபத்து தெரிந்தும் மருந்து வேண்டும் என்று கேட்டார்கள், 2006இல் கடுமையான கண்காணிப்போடு திரும்ப வந்தது. உங்கள் அக்காவிடம் கொடுத்த கையேடு, ரத்தப் பரிசோதனை எல்லாம் அந்தக் கண்காணிப்பின் வழி வந்தவை.

பி.எம்.எல்.லைக் கொண்டுவருவது அந்த ஜேசி வைரஸ். அது ஏதோ அபூர்வக் கிருமி என்று நினைக்காதீர்கள், பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் உடம்பில் இருக்கிறது, பெரும்பாலும் சிறுநீரகத்தில் சத்தமில்லாமல் கிடக்கும், ஆயுள் முழுவதும் ஒரு தொந்தரவும் தராது. டி செல்கள் இல்லாத நேரம் பார்த்து அது மூளையில் பெருகினால், மயலினைச் செய்கிற செல்களையே பிடித்து அழிக்கும். டி செல்களை அழிக்கும் எய்ட்ஸ் பரவிய 1980களிலும் இதே நோய் கூடியது. ஆக, நம் எல்லோர் மூளையிலும் டி செல்கள் வந்துபோய்க்கொண்டுதான் இருக்கின்றன, அதனால்தான் ஜேசி வைரஸ் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கிறது. வரவை நிறுத்திய பிறகுதான் அது வெளிச்சத்துக்கு வந்தது.

அந்த நோட்டு வாக்கியம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்கிறேன். 1885இல் ஜெர்மனியில் பவுல் எர்லிக் பிராணிகளின் உடம்பில் சாயங்களை ஏற்றியபோது எல்லா உறுப்பும் சாயம் பிடித்தது, மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. அவருக்கே தடுப்பு என்ற எண்ணம் இல்லை, மூளை சாயத்தைப் பிடிப்பதில்லை என்றுதான் நினைத்தார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913இல் மூளையைச் சூழ்ந்த நீரில் சாயத்தைச் செலுத்தினார், மூளை நீலமாயிற்று, உடம்பு ஆகவில்லை, அதாவது இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. அப்புறம் 1948இல் இங்கிலாந்தில் பீட்டர் மெடாவர் முயல்களின் மூளையில் வேறு முயலின் தோலை ஒட்டிப் பார்த்தார். வேறு இடத்தில் வைத்தால் சில நாளில் உதிர்ந்துபோகும் ஒட்டுத்தோல் மூளையில் பிழைத்துக்கிடந்தது. மூளைக்கு நோய் எதிர்ப்பிலிருந்து விலக்கு உண்டு என்ற பேச்சு வேரூன்றியது இங்கேதான். அதே சோதனையில் இன்னொரு பாதி உண்டு. தோல் கொடுத்த முயலின் தோலை முன்கூட்டியே, வாங்கும் முயலின் உடம்பில் ஒட்டி, உடம்புக்கு அதை அறிமுகப்படுத்திவிட்டால், மூளையில் இருக்கும் ஒட்டும் அழிக்கப்பட்டது. அதாவது வெளியே பாடம் படித்துவிட்டால் டி செல்களுக்கு உள்ளே போய் வேலையை முடிக்கத் தெரியும். பாடப்புத்தகங்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன, ஏன் என்று எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

சரி, உள்ளே எப்படி வருகின்றன? பழைய காலத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். திண்ணை, வாசல் கதவு, ரேழி, அதற்கு அப்பால் கூடம். மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் இறுக்கமாகத் தைத்ததுபோல இருக்கும், அங்கே டி செல்லுக்கு வேலை இல்லை. அதைத் தாண்டி ரத்தம் திரும்பும் சின்னச் சிரைகளில் குழாய்ச் சுவருக்கும் மூளைத் திசுவின் எல்லைக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. அதுதான் ரேழி. ஏற்கெனவே ஏதோ கிருமியோடு பழகிய டி செல் வாசல் கதவைத் தாண்டி ரேழிக்கு வரலாம். அங்கே கிருமி விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள் மூளையிலிருந்து வழிந்து வரும் துண்டுதுணுக்குகளைத் தங்கள் மேல் ஏந்திக் காட்டிக்கொண்டு நிற்கும். டி செல் ஒவ்வொன்றாகப் பார்க்கும். தனக்குத் தெரிந்த துண்டு எதுவும் இல்லையென்றால் வந்த விருந்தாளி திரும்பிப் போகவேண்டியதுதான், அல்லது அங்கேயே செத்துப்போகும். தனக்குத் தெரிந்த கிருமியின் துண்டு தட்டுப்பட்டால்தான் இரண்டாவது கதவு திறந்து கூடத்துக்குள் போகும்.

எம்.எஸ்.ஸில் நடப்பது, ரேழியில் நிற்கும் டி செல் மயலின் துண்டைப் பார்த்துவிட்டு அதைக் கிருமி என்று நினைத்துக்கொள்வது. நடாலிசுமாப் அந்தத் தப்பான டி செல்லை மட்டும் பொறுக்கி எடுக்காது. ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ள டி செல்லுக்கு ஆல்ஃபா-4 இன்டெக்ரின் என்று ஒரு கொக்கி உண்டு, மருந்து அந்தக் கொக்கியை மூடிவிடுகிறது, அவ்வளவுதான். வாசல் கதவே அடைத்தாயிற்று, தப்பானவனும் வர முடியாது, ஜேசி வைரஸைக் கவனிக்கிறவனும் வர முடியாது.


பழைய லேப்காரர்:

மேசைவிளக்கு சொன்னதற்கு என் கண்ணால் பார்த்த சாட்சி தருகிறேன். முப்பது வருடம் ஆய்வகத்தில் முதுகு நீரில் (மூளையைச் சூழ்ந்திருக்கும் அதே நீர்தான்) செல்களை எண்ணியிருக்கிறேன். அந்த நீர் வந்தால் கையில் இருக்கும் மற்ற வேலையை வைத்துவிட்டு அதைத்தான் முதலில் பார்க்கவேண்டும், ஒரு மணி நேரம் தாண்டினால் செல்கள் உடைய ஆரம்பித்துவிடும், எண்ணிக்கை பொய்யாகிவிடும். இரவு இரண்டு மணிக்கு எழுப்பி எண்ணச் சொல்லும்போது வாயில் நல்ல வார்த்தை வராது, அது வேறு கதை.

நல்ல ஆளின் ரத்தத்தில் ஒரு மைக்ரோ லிட்டருக்கு வெள்ளை அணுக்கள் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். முதுகு நீரில் 5 வரை. ஆக 5. ஆனால் பாருங்கள், பூஜ்யம் இல்லை. அந்த நாலைந்தில் பெரும்பாலானவை டி செல்கள், அதிலும் ஏற்கெனவே அனுபவப்பட்ட ரகம். எட்டிப் பார்க்காத இடம் என்றால் அவை அங்கே என்ன செய்துகொண்டிருந்தன? மொத்த நீரே 150 மில்லி சொச்சம்தான், ஆனால் ஒரு நாளைக்கு 500 மில்லி போல ஊறுகிறது, அதாவது நாளுக்கு மூன்று முறைக்கு மேல் மொத்த நீரும் மாறுகிறது. அப்படியிருந்தும் அந்த நாலைந்து எப்போதும் இருக்கிறது.

டி.பி. மூளைக்காய்ச்சல் நீரை ஒரு குழாயில் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் மேலே சிலந்தி வலை மாதிரி ஒரு படலம் தொங்கும். அதைப் பார்த்தாலே எங்களுக்கு வயிறு கலங்கும். எண்ணினால் நூற்றுக்கணக்கில் லிம்போசைட் (டி செல், பி செல் இனம்). அப்போது டாக்டர்கள் டி.பி. மாத்திரையோடு ஸ்டீராய்டும் எழுதுவார்கள். கிருமியை அடிக்க வந்த கூட்டத்தை ஏன் அடக்குகிறீர்கள் என்று ஒரு இளம் டாக்டரிடம் கேட்டேன். மண்டையோடு விரிந்து கொடுக்காதே அண்ணா, உள்ளே வீங்கினால் மூளைதான் நசுங்கும் என்றார். பிறகு வியட்நாமில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், ஸ்டீராய்டு சேர்த்தால் உயிரிழப்பு குறைகிறது என்று 2004இல் வந்தது. ஆகவே மூளை ஏன் இவ்வளவு கெடுபிடியாகக் கதவு வைத்திருக்கிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் அதுதான்.

வைகைக்கரை, உங்கள் அக்காவின் அறிக்கையில் ஓலிகோகுளோனல் பேண்ட் என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். ரத்தத்தையும் முதுகு நீரையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்ப்போம். நீரில் மட்டும் கோடுகள் வந்து ரத்தத்தில் வரவில்லையென்றால், அந்த எதிர்ப்பொருள்கள் உடம்பில் தயாராகி உள்ளே கசிந்தவை இல்லை, உள்ளேயே குடியிருக்கும் பி செல் வழிச் செல்கள் தயாரித்தவை என்று அர்த்தம்.


வைகைக்கரை:

ஆமாம் ஐயா, இருக்கிறது! "நீரில் மட்டும் பாசிட்டிவ்" என்று போட்டிருக்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் யாரும் கேட்கவே இல்லை.

மேசைவிளக்கு அண்ணா, ரேழி உதாரணத்தை அக்காவுக்கு அப்படியே குரல்பதிவில் அனுப்பினேன், காரைக்குடியில் எங்கள் பெரியப்பா வீட்டு ரேழி அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, சட்டென்று பிடித்துக்கொண்டாள். ஆனால் ஒரு சந்தேகம். நிணநீர் நாளம் கிடையாது என்பதாவது உண்மையா? சில வருடம் முன்பு பாடப்புத்தகத்தையே மாற்றவேண்டும் என்று ஒரு செய்தி ஓடியதே.


குறுக்குக்கேள்வி:

அந்தச் செய்தியைத்தான் நான் சொல்ல வந்தேன். 2015இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் கிப்னிஸ் குழு, ஹெல்சிங்கியில் காரி அலிடாலோ குழு, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் எலியின் மூளை வெளியுறையில் (மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் சவ்வு) நிணநீர் நாளங்களைக் கண்டார்கள். வர்ஜீனியாவில் அந்த நாளங்களைப் பார்த்த அந்த்வான் லுவோ செய்தது மிக எளிமையான வேலை, உறையை உரித்தெடுத்துவிட்டுப் பதப்படுத்துவதுதான் எல்லோருக்கும் வழக்கம், இவர் மண்டையோட்டோடு ஒட்டியிருக்கும்போதே பதப்படுத்திவிட்டு அப்புறம் உரித்தார், உறை சிதையாமல் முழுசாக வந்தது, நாளங்கள் தெரிந்தன. 2017இல் மனிதர்களிலும் எம்.ஆர்.ஐ.யில் பார்த்துவிட்டார்கள். இதுவரை எனக்கும் சம்மதம்.

ஆனால் "யாருக்குமே தெரியாத உறுப்பு" என்று ஊடகங்கள் குதித்ததுதான் ஜீரணமாகவில்லை. இத்தாலியில் பாவ்லோ மஸ்காஞி 1787இலேயே பாதரசம் ஏற்றிப் பார்த்து மூளை உறையில் நிணநீர் நாளம் இருக்கிறது என்று எழுதி வைத்தார், யாரும் நம்பவில்லை. மூளை நீர் மூக்கின் கூரையில் இருக்கும் சல்லடை எலும்பு வழியாக இறங்கிக் கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போகிறது என்பதும் 2015க்கு ரொம்ப முன்பே தெரியும், ஹெலன் செர் என்ற அமெரிக்க ஆய்வாளர் வருடக்கணக்கில் அதைத்தான் அளந்துகொண்டிருந்தார். ஆக மூளைத் திசுவுக்குள் நிணநீர் நாளம் கிடையாது என்பது இன்றும் உண்மை, உறையில் உண்டு. அந்த நோட்டு வாக்கியத்தில் "திசுவுக்குள்" என்ற ஒரே ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது.

தூங்கும்போது மூளை தன்னைத்தானே கழுவிக்கொள்கிறது என்று யூடியூபில் ஓடுகிறதே, அதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 2013இல் எலிகளில் அப்படிச் சொன்னார்கள், 2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் எலிகளிலேயே அளந்து தூக்கத்தில் கழுவுவது குறைகிறது என்கிறார்கள். சண்டை இன்னும் முடியவில்லை.


மேசைவிளக்கு:

குறுக்குக்கேள்வி சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன், உறை நாளம் புதுசா பழசா என்பதைவிட அது எங்கே போய் முடிகிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது இல்லையா. புண்ணிலிருந்து வந்த துண்டுகளை வைத்து டி செல்களுக்குப் பாடம் நடக்கிற இடம் அது. மூளைக்கு அந்த வகுப்பறை கழுத்தின் ஆழத்தில் இருக்கும் முடிச்சுகள். மூளையின் கழிவு, செத்த செல்லின் துண்டு, கிருமியின் துண்டு எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. ஆகவே மூளையைக் கண்காணிக்க டி செல் ஒவ்வொரு நரம்பாகப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, வீட்டுக் கழிவுநீர் வெளியே வரும் இடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

திண்ணையை விட்டுவிட்டேனே. வெளியுறைதான் திண்ணை. அங்கே கூட்டம் எப்போதும் இருக்கும், டி செல், பி செல், மேக்ரோபேஜ் என்று சகலமும். இதில் பல ரத்தம் வழியாகவே வருவதில்லை, மண்டையோட்டு எலும்பின் மஜ்ஜையிலிருந்து நேராக நுண்ணிய குழாய்கள் வழியே உறைக்கு இறங்குகின்றன, அந்தக் குழாய்களை 2018இல் கண்டார்கள். 2020இல் வந்த இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: உறையில் பெரிய சிரைகளின் ஓரமாக எதிர்ப்பொருள் சுரக்கும் செல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, அவை பாடம் படித்த இடம் குடல். குடலில் இருக்கும் கிருமி ரத்தத்தில் தப்பி வந்தால் மூளை வாசலில் பிடிக்க ஆள் தயார்.

கூடத்துக்குள் யார் என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. மைக்ரோகிளியா. ஸ்பெயினில் ரியோ ஒர்தேகா 1919இல் வெள்ளிச் சாயம் போட்டு அடையாளம் காட்டிய செல்கள். கரு உருவான ஆரம்ப நாட்களிலேயே கருப்பையில் இருக்கும் சிசுவின் மஞ்சள்கருப் பையிலிருந்து மூளைக்குக் குடிவந்து, அங்கேயே பெருகி, அங்கேயே ஆயுளைக் கழிப்பவை. வெகுகாலம் அவை சும்மா கிடக்கின்றன, அடிபட்டால்தான் எழும் என்று நினைத்தார்கள். 2005இல் உயிருள்ள எலியின் மண்டையோட்டை மெலிதாகச் சுரண்டி லேசர் நுண்ணோக்கியில் பார்த்தபோது அவற்றின் கைகள் ஓயாமல் நீண்டு, தடவி, சுருங்கிக்கொண்டே இருந்தன. சில மணி நேரத்துக்குள் மூளை முழுவதையும் ஒரு சுற்று தடவிவிடும் வேகம். லேசரால் ஒரு சின்னப் புண் உண்டாக்கினால் அரை மணிக்குள் சுற்றி இருக்கும் கைகள் எல்லாம் அங்கே குவிந்து மூடிவிட்டன. படம் பார்த்தால் கடல் பாசி அசைவது போல இருக்கும்.


நீலகிரிக்காரன்:

டாக்டர்கள், ஆய்வாளர்கள் நடுவே நான் பேசலாமா தெரியவில்லை, ஆனால் மெடாவர் முயல் கதை கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. நாய் கடித்ததற்கு என் சித்தப்பாவுக்கு 1978இல் போட்டார்கள். தினம் ஒன்று, வயிறு தட்டு மாதிரி வீங்கி சட்டை பட்டன் போட முடியாது. ஏன் அத்தனை, ஏன் வயிற்றில் என்று வளர்ந்த பிறகு தேடிப் படித்தேன். அது டேவிட் செம்பிள் என்ற ராணுவ மருத்துவர் 1911இல் கசௌலியில் செய்த முறை. வெறிநாய்க்கடி வைரஸை ஆட்டின் மூளையில் வளர்த்து, ஃபீனால் சேர்த்துச் செயலிழக்க வைத்து, அந்த மூளைக் கூழையே ஊசியாகப் போடுவது. நாய்க்கடிக்கு வேறு வழி இல்லாத காலம், எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு இரண்டு வாரம் போல கழித்துக் கை கால் விழுந்துவிடும், சிலர் இறந்தும் போனார்கள். வைரஸ் காரணமில்லை, ஊசியில் ஆட்டு மூளையோடு மயலினும் இருந்ததுதான் காரணம்.

மேசைவிளக்கு சொன்ன அதே விஷயம்தானே இது? மூளைக்குள் இருக்கும் வரை கண்ணில் படாத மயலினை வயிற்றுத் தோலுக்கு அடியில் பதினாலு நாள் போட்டு உடம்புக்கு அறிமுகம் செய்துவிட்டோம், அப்புறம் அது உள்ளே போய் நம் சொந்த மயலினையே தேடியது. என் புரிதல் சரியா?


மேசைவிளக்கு:

நூற்றுக்கு நூறு. இன்னும் கேளுங்கள். கை கால் விழுகிற அந்த வாதம் ஏன் வருகிறது என்று பார்க்க 1933இல் நியூயார்க்கில் தாமஸ் ரிவர்ஸ் என்பவர் குரங்குகளுக்கு வைரஸே இல்லாத முயல் மூளைச் சாற்றைத் திரும்பத் திரும்ப ஊசி போட்டார். குரங்குகளுக்கு வாதம் வந்தது, மூளையில் மயலின் உரிந்திருந்தது. எம்.எஸ். ஆய்வுக்கு இன்றும் எலிகளில் அதே வழியைத்தான் பயன்படுத்துகிறோம், என் வேலையும் அதில்தான் ஓடுகிறது. 1992இல் அப்படி நோய் உண்டாக்கிய எலிகளுக்கு ஆல்ஃபா-4 கொக்கியை மூடும் எதிர்ப்பொருளைக் கொடுத்தபோது வாதம் நின்றது, அதிலிருந்து வளர்ந்ததுதான் நடாலிசுமாப். வைகைக்கரை, உங்கள் அக்காவுக்கு டிரிப்ஸில் ஏறப்போகும் மருந்தின் பாட்டன் பூட்டன் அந்தப் பதினாலு ஊசிதான். இந்தியாவில் ஆட்டு மூளை ஊசி தயாரிப்பு நின்றதும் 2004 கடைசியில், நடாலிசுமாப் அனுமதி பெற்றதும் 2004 கடைசியில், இதில் ஒரு காரணகாரியமும் இல்லை, சும்மா சொன்னேன்.


சோழமண்டலம்:

என் பக்கக் கதை நேர் எதிர். எனக்கு 19 வயதில் திடீரென்று ஃபிட்ஸ். சி.டி. ஸ்கேனில் பட்டாணி அளவு ஒரு புள்ளி. மூளைக்குள் நாடாப்புழுவின் இளம்புழு (லார்வா) தங்கியிருக்கிறது என்றார்கள். எனக்கு ஆச்சரியம், புழு வந்து எத்தனையோ வருடமாகியிருக்கும், அதுவரை ஒரு தலைவலி கூட இல்லை. உயிரோடு இருக்கும் வரை அது நம் எதிர்ப்புச் சக்தியின் கையைக் கட்டி வைத்திருக்குமாம். அது சாக ஆரம்பிக்கும்போதுதான் உடம்புக்குத் தெரிகிறது, ஓடிவருகிறது, சுற்றி வீங்குகிறது, ஃபிட்ஸ் வருகிறது.

முன்பு நம் நாட்டில் இந்த மாதிரி ஒற்றைப் புள்ளி தெரிந்தால் டி.பி. கட்டி என்று நினைத்து டி.பி. மருந்து கொடுப்பார்கள், புள்ளி மறைந்துவிடும், மருந்து வேலை செய்தது என்று எழுதிவிடுவார்கள். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர்கள் சாண்டியும் ராஜசேகரும் 1980களின் கடைசியில் அறுவை செய்து எடுத்துப் பார்த்தபோது பலவற்றில் இருந்தது செத்துக்கொண்டிருக்கும் புழு. மறைந்ததற்குக் காரணம் மாத்திரை இல்லை, உடம்பே அதைக் கரைத்துவிட்டது. நான் இப்போது மருந்து நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது.

என் கேள்வி, இப்படி ஓடிவந்து கரைக்கத் தெரிந்த உடம்பு வெறிநாய்க்கடியில் மட்டும் ஏன் கோட்டை விடுகிறது?


மேசைவிளக்கு:

வெறிநாய்க்கடி வைரஸ் ரத்தத்தில் வருவதே இல்லை, கடித்த இடத்து நரம்புக்குள் ஏறி நரம்புக்குள்ளேயே மேலே போகிறது. திண்ணை, ரேழி எதையும் மிதிக்காமல் கொல்லைப்புறமாக நேராகக் கூடத்துக்குள். செல்லை உடைக்காமல் நைசாக இருப்பதால் கழுத்து வகுப்பறைக்குத் துண்டும் அதிகம் போவதில்லை, நோய் வெளியே தெரியும்போது பலருக்கு எதிர்ப்பொருளே உருவாகியிருக்காது. அதனால்தான் கடித்த உடனே ஊசி, வைரஸ் நரம்பில் ஏறும் முன்பே.


வைகைக்கரை:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அக்காவின் ஜேசி பரிசோதனை நேற்று வந்தது, நெகடிவ். அடுத்த மாதம் முதல் டிரிப்ஸ். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பரிசோதிப்பார்களாம், இடையில் வைரஸ் தொற்றிக்கொண்டால் எண் ஏறும், அப்போது வேறு மருந்துக்கு மாறுவது பற்றிப் பேசலாம் என்றார்களாம். "அப்ப ரேழியைப் பூட்டிட்டு ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்து பார்ப்பாங்க, அவ்வளவுதானே" என்றாள். நேற்று ராத்திரி தூங்கியிருக்கிறாள்.


பழைய லேப்காரர்:

நல்ல செய்தி தம்பி. அக்காவிடம் ஒன்று சொல்லுங்கள், பேச்சில் குழறல், ஒரு பக்கம் கை பலம் குறைவது, பார்வையில் ஒரு பாதி தெரியாமல் போவது, நடத்தையில் மாற்றம் மாதிரி புதிதாக எது வந்தாலும் அது எம்.எஸ்.தான் என்று தானே முடிவு செய்யாமல் (பி.எம்.எல்.லாகவும் இருக்கலாம்) அன்றைக்கே போன் செய்யச் சொல்லுங்கள். பழைய அறிக்கைகள், முதல் எம்.ஆர்.ஐ. படம் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க முதல் படம் இல்லாமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.